தேக்கடிப் படகும் தண்ணிக்குள் நிற்கும் மரங்களும்

ரொம்ப நாளாச்சு எழுதி. வருஷக் கடைசிக் கணக்கு முடிப்பு, ஆடிட்டர் கேள்விகள், பையனுக்குப் பரீட்சை என்று நாட்கள் ஓடிவிட்டன. ஊருக்குப் போய்விட்டு வந்ததிலிருந்தே எழுத நினைத்த விஷயம் இது. கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

ஆரம்பித்தது இங்கே ஓமானில். ஒரு டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு முசந்தம் போயிருந்தோம். மஸ்கட்டில் இருப்பவர்களுக்குப் படகு சவாரி என்றால் குரும் அலையாத்திக் காட்டுப் பக்கம் நின்று பார்ப்பதோடு சரி. முசந்தம் வேறு மாதிரி. சுண்ணாம்புக்கல் மலைகள் நேராகக் கடலுக்குள் இறங்குகின்றன. ஒரு புல் பூண்டு கிடையாது. கசப் ஊரிலிருந்து மரப் படகில் ஏறினால் கோர் ஷாம் என்கிற நீண்ட கடற்கழிக்குள் கூட்டிக்கொண்டு போவார்கள். டால்பின் கூடவே வரும். நடுவில் ஒரு சின்னப் பாறைத் தீவு. டெலிகிராஃப் தீவு என்று பெயர். 1864-ல் கராச்சியிலிருந்து பாரசீக வளைகுடா வழியாக இங்கிலீஷ்காரன் கடலடியில் தந்திக் கம்பி போட்டபோது இங்கே ஒரு நிலையம் கட்டினான். வெயில் தாங்காமல் ஐந்தாறு வருஷத்திலேயே காலி செய்துவிட்டுப் போய்விட்டான். இப்போது இருப்பது இடிந்த சுவரும் படிக்கட்டும் மட்டுமே. ஆனால் படகுக்காரப் பையன் அந்தக் கதையை அரை மணி நேரம் சொல்கிறான். ஐந்தாறு வருஷக் கதைக்கு அரை மணி நேரம்!

என் மகன் கேட்டான். "அப்பா, உங்க ஊர்ல இந்த மாதிரி போட் இருக்கா?"

"இருக்குடா, தேக்கடி. எங்க வீட்ல இருந்து பஸ்ல ஒரு மணி நேரம்."

"அங்கேயும் கதை சொல்வாங்களா?"

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. தேக்கடியில் யானை வருமா, காட்டெருமை வருமா என்று சொல்வார்கள். நூற்றுமுப்பது வருஷமாகத் தண்ணீருக்குள் நிற்கும் மரக்கட்டைகளைக் காட்டி, இது ஏன் இப்படி நிற்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. சிறு வயதில் இரண்டு முறை, கல்லூரியில் ஒரு முறை போயிருக்கிறேன். அந்த ஏரியின் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்றுதான் வளர்ந்தேன். இருந்தும் அதன் கதையைப் பாதிக்கு மேல் இங்கே வந்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் ஒரு விஷயம். தேக்கடி ஏரி இயற்கை ஏரி இல்லை. இதைச் சொன்னால் ஊர்ப் பக்கத்து ஆட்கள் சிரிப்பார்கள், "இது தெரியாதா" என்று. ஆனால் சென்னையிலிருந்தும் வடக்கேயிருந்தும் வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுகிற ஆறு. அதைக் குறுக்கே மறித்து, தேங்கிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பியதில் உண்டானதுதான் சுமார் 26 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த ஏரி. பள்ளமெல்லாம் முழுகியது. குன்றுகளின் தலை மட்டும் தீவாகவும் மூக்கு மூக்காக நீட்டிக்கொண்டும் வெளியே நிற்கிறது. அதனால்தான் படகு இப்படி வளைந்து வளைந்து போகிறது. முழுகிய காட்டின் மரங்கள்தான் அந்தக் கட்டைகள். இலை போய், கிளை போய், பட்டை போய், கருப்பாக நிற்கின்றன. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அதில் உட்கார்ந்து இறக்கையைக் காய வைக்கும். படகில் எல்லோரும் பறவையைப் போட்டோ எடுப்பார்கள்.

இந்த ஆற்றைத் திருப்பலாம் என்ற யோசனை பென்னிகுவிக்குக்கு முந்தியது. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியிடம் பிரதானியாக இருந்த முத்து இருளப்ப பிள்ளை ஆட்களை அனுப்பி மலையைப் பார்த்துவரச் சொன்னதாக வரலாறு. பணம் இல்லாமல் நின்றது. 1808-ல் கால்டுவெல் என்ற கேப்டன் (திருநெல்வேலி பிஷப் கால்டுவெல் இல்லை, இவர் வேறு ஆள்) வந்து அளந்துவிட்டு நடக்கிற காரியம் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். 1850-ல் சின்னதாக ஒரு அணை கட்ட ஆரம்பித்து, காய்ச்சல் பயத்தில் ஆட்கள் ஓடியதால் விட்டுவிட்டார்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். மதுரைச் சீமையில் ஜனங்கள் செத்து விழுந்தார்கள். அதன் பிறகுதான் மதராஸ் அரசாங்கத்துக்கு நிஜமாகவே அவசரம் வந்தது. 1882-ல் பென்னிகுவிக்கிடம் வேலை வந்தது. திட்டத்தையும் மதிப்பீட்டையும் முடித்தாலும், இடம் மதராஸ் அரசாங்கத்துடையது இல்லை. திருவிதாங்கூர் மகாராஜாவுடையது.

இங்கேதான் என் போன்ற பேங்க்காரனுக்கு வாய் பிளந்துபோகும். 1886 அக்டோபர் 29-ல் குத்தகைப் பத்திரம் கையெழுத்தானது. திருவிதாங்கூர் தரப்பில் திவான் ராமய்யங்கார், மதராஸ் தரப்பில் ஹானிங்டன். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், ஆக வருஷத்துக்கு 40,000 ரூபாய். குத்தகைக் காலம் 999 வருஷம். நாங்கள் இருபது வருஷ வீட்டுக் கடனுக்கே வட்டி மாறும், விதி மாறும் என்று நாற்பது இடத்தில் கையெழுத்து வாங்குகிறோம். இது 2885 வரை ஓடுகிற பத்திரம். வாடகையைக் காலத்துக்கு ஏற்றபடி உயர்த்திக்கொள்ள அதில் வழி வைக்கவில்லை. எழுதிய ஆளுக்குத் தன் பக்கத்துக் காரியத்தில் கெட்டிக்காரத்தனம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்து ஆளுக்கு மனக்குறை வராத பத்திரம்தான் நீடிக்கும் என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். குறை வந்தது. 1970 மே மாதம் புது ஒப்பந்தம் போட்டார்கள். வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது. மின்சாரம் எடுக்கும் உரிமை தனிக் கட்டணத்தின் பேரில் தமிழ்நாட்டுக்கு. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை கேரளாவுக்கு.

தண்ணீர் ஒருவருக்கு, மீன் இன்னொருவருக்கு. படகும் கேரளாவுடையதே. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டின கதைக்கு வருகிறேன். இதை நான் அய்யாவிடம்தான் (அப்பாவின் அப்பா) முதலில் கேட்டேன். அவருடைய தாத்தா, கூடலூரிலிருந்து மலையடி வரை வண்டி ஓட்டியவராம். "எங்க தாத்தன் சுண்ணாம்பு ஏத்திட்டுப் போனாருடா, மாடு ரெண்டும் இருமிக்கிட்டே செத்துச்சு" என்பார். சின்ன வயதில் அது ஏதோ கதை என்று விட்டுவிட்டேன். பிறகு படித்தால் சுண்ணாம்பு விஷயம் அப்படியே சரி. பெரியாறு அணை சிமெண்டில் கட்டியது இல்லை. கருங்கல், சுண்ணாம்பு, சுர்க்கி. சுர்க்கி என்றால் சுட்ட செங்கல்லைப் பொடித்த தூள். சுண்ணாம்புக்கல் கம்பம் பள்ளத்தாக்கில் குருவனூத்துப் பக்கத்தில் கிடைத்தது. ரயிலில் வருகிற சாமான்கள் அம்மையநாயக்கனூரில் (இன்றைய கொடை ரோடு) இறங்கி மாட்டு வண்டியில் கூடலூர் வரும். அங்கிருந்து மலைக்கு மேலே கம்பிவட ரோப்வே. மேலே தேக்கடியிலிருந்து அணை கட்டுற இடத்துக்குத் தண்ணீர் வழியாகப் படகில்.

ஆமாம், படகில். டூரிஸ்ட் யாரும் வருவதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே அந்தக் காட்டுக்குள் படகு ஓடியிருக்கிறது. ஏற்றிக்கொண்டு போனது சுண்ணாம்பும் அரிசியும் காய்ச்சல்காரர்களையும்.

1887-ல் வேலை தொடங்கியது. ஒரு மழைக்குக் கட்டியதை அடுத்த வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். மலைக்காய்ச்சல், காலரா. கோடையில் குடிதண்ணீர்க் கஷ்டம், மழையில் அட்டை. பயனீர் பட்டாளத்துச் சிப்பாய்கள் வந்தார்கள், கொச்சியிலிருந்து தச்சர்கள் வந்தார்கள், மதுரைப் பக்கத்துக் கூலி ஜனம் வந்தது. நோயில் இறந்தவர்களுக்கு அணைக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லறைத் தோட்டம். 483 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பென்னிகுவிக் மனைவியின் நகையை, இங்கிலாந்துச் சொத்தை விற்று அணை கட்டினார் என்று எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். மதராஸ் அரசாங்கத்தின் பணத்தில் நடந்த திட்டம் அது. கூட வேலை பார்த்த எஞ்சினியர் மெக்கன்ஸி 1899-ல் ஒரு தடிப் புத்தகமே எழுதிவிட்டார். ஆனாலும் பாலார்பட்டியில் ஜனவரி 15 அன்று அவருக்குப் பொங்கல் வைக்கிறார்களே, அந்த நன்றியில் பொய் கிடையாது. 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்து வைத்தார். ஒரு மைலுக்கு மேல் நீளமான சுரங்கம் வழியாகத் தண்ணீர் கிழக்கே பாய்ந்தது. இன்று அது லோயர் கேம்ப் மின்நிலையம் வழியாக முல்லையாறு, வைகை என்று ராமநாதபுரம் வரை பேர் சொல்கிறது.

இங்கிலாந்தில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு தகவல். அவர் 1911-ல் இறந்தது கேம்பர்லியில். 2022-ல் அங்கே தமிழ்நாடு அரசு அவருக்குச் சிலை வைத்தது. லோயர் கேம்ப் மணிமண்டபம் 2013-ல் திறந்தது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு தேக்கடி போகிறவர்கள் ஏறுகிற வழியிலேயே இருக்கிறது, இறங்கிப் பாருங்கள்.

சரி, சுண்ணாம்புப் படகு எப்போது டூரிஸ்ட் படகானது?

தேங்கிய ஏரியைச் சுற்றிக் காடு இருந்தது, காட்டில் மிருகம் இருந்தது, திருவிதாங்கூர் ராஜாவுக்கு ஓய்வு மாளிகை வேண்டியிருந்தது. எடப்பாளையத்தில் ஏரியின் மூக்கு ஒன்றில் மாளிகை கட்டினார்கள். இன்றும் அங்கே படகில்தான் போக வேண்டும், இப்போது அது ஓட்டல். 1930-களில் ராபின்சன் என்ற வெள்ளைக்காரரை விலங்குக் காப்பாளராகப் போட்டு, 1934-ல் நெல்லிக்காம்பட்டி சரணாலயம் என்று அறிவித்தார்கள். 1950-ல் அது பெரிதாகிப் பெரியாறு சரணாலயம், 1978-ல் புலிகள் காப்பகம். ஒரு வேடிக்கை பாருங்கள். மனிதன் காட்டை முழுகடித்துச் செய்த தண்ணீர்தான், கோடையில் மிருகங்களைக் கரைக்குக் கூட்டி வந்து டூரிஸ்ட்டுக்குக் காட்டுகிறது. அணை இல்லையென்றால் படகு இல்லை, படகில் உட்கார்ந்து யானை பார்ப்பதும் இல்லை.

அந்தக் காட்டில் ஏற்கெனவே இருந்தவர்களைப் பற்றிப் படகில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். மன்னான், பளியர். மன்னான்கள் தங்கள் பூர்வீகம் மதுரைப் பாண்டியன் என்று சொல்லிக்கொள்பவர்கள். அவர்களுக்கு இன்றும் ராஜா உண்டு, கட்டப்பனைக்குப் பக்கத்தில் கோழிமலையில். ஏரிக்கரைக் காட்டில் இருந்தவர்களை 1940-களில் குமுளி ஓரத்துக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். ஏரியில் மூங்கில் சங்காடத்தில் போய் வலை வீசி மீன் பிடிப்பது அவர்கள் பிழைப்பு. இந்தச் சங்காடத்தை வைத்து 1990-களின் கடைசியில் புதுசாக ஒன்று ஆரம்பித்தார்கள். காட்டில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்தவர்களையும் வேட்டைக்காரர்களையும் வனத்துறை கூப்பிட்டு, வழக்கை விட்டு, வழிகாட்டி ஆக்கியது. டூரிஸ்ட்டை மூங்கில் சங்காடத்தில் கூட்டிப்போவது, ராத்திரி காவல் போவது எல்லாம் அவர்கள் வேலை ஆனது. அரசாங்கத் திட்டங்களில் உருப்படியாக நடந்தவை என்று எண்ணினால் அதை முதல் பத்தில் சேர்க்கலாம். பெரிய படகில் சொல்லாத கதையெல்லாம் அந்தச் சங்காடத்தில் போனால் கேட்கலாம்.

எல்லைக் காட்டில் இந்தத் தண்ணீர் விநோதம் தேக்கடிக்கு மட்டும் சொந்தம் இல்லை. பாலக்காடு மாவட்டத்தில் பரம்பிக்குளம் இருக்கிறது. அது கேரளாவின் காடு. ஆனால் ரோட்டில் போக வேண்டுமானால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். உள்ளே தூணக்கடவு, பரம்பிக்குளம் என்று அணைகள். இருப்பது கேரளாவில், நடத்துவது தமிழ்நாடு நீர்வளத் துறை. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் ஒரு ஷட்டர் பிய்த்துக்கொண்டு தண்ணீர் சாலக்குடி ஆற்றுப் பக்கம் பாய்ந்தபோதுதான் பலருக்கு இந்த ஏற்பாடே தெரிந்தது. அங்கேயும் மூங்கில் சங்காட சவாரி உண்டு. கூட்டம் தேக்கடி அளவுக்கு இல்லை. எனக்குப் பிடித்தது அதுதான், ஆனால் கதை தேக்கடிக்குத்தான் அதிகம்.

2009 செப்டம்பர் 30.

நான் அப்போது ஊரில் ஒரு பேங்க்கில் சேர்ந்து சில வருஷம்தான். சாயங்காலம் கவுண்ட்டர் மூடிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். கம்பம் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் எல்லாம் மலைக்குப் போகிறது என்று யாரோ சொன்னார்கள். கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் இரண்டு தளப் படகு, ஜலகன்யகா என்று பெயர், மணக்கவலை என்ற இடத்தில் கவிழ்ந்துவிட்டது. ஏரியில் விட்டு இரண்டு மாதம்கூட ஆகாத புதுப் படகு. கொள்ளளவை மீறி ஆட்கள். கரையில் மிருகத்தைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து போனதாக அன்று சொன்னார்கள். ஜனம் எழுந்து போகத்தான் செய்யும், அதற்குத்தானே காசு கொடுத்து ஏறினார்கள்? இரண்டு தளம் வைத்துப் படகு கட்டினவர்கள் அதைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். பெரும்பாலோர் உடம்பில் லைஃப் ஜாக்கெட் இல்லை. 45 பேர் போய்விட்டார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள், டெல்லி, வங்காளம், மும்பை என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள். குழந்தைகளும் உண்டு. மீட்கப் போனவர்களுக்குத் தண்ணீருக்கு அடியில் இருந்த அந்தப் பழைய மரங்களும் ஒரு தடை. 1895-ல் முழுகிய காடு அன்றைக்கும் அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகு அம்மா என்னைத் தேக்கடி போகவே விடவில்லை. "ஊர்ல இருக்குறதப் பாக்க உசுர விடணுமா" என்பார். லைஃப் ஜாக்கெட் கட்டாயம், எண்ணிக்கை கட்டுப்பாடு என்று ஏற்பாடுகள் வந்தது எல்லாம் அதற்கப்புறம்தான். எதையும் 45 பேர் போன பிறகுதான் செய்வோம் என்று ஒரு பழக்கம் நமக்கு.

அடுத்த அலை 2011. அதற்குள் நான் மஸ்கட் வந்துவிட்டேன். அந்த வருஷம் நவம்பர், டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை பற்றி எரிந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். குமுளியில் எல்லை மூடல், இந்தப் பக்கம் கடைகள் உடைப்பு, அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போன தமிழ்ப் பெண்களுக்கு அடி. தேக்கடியில் படகு இருந்தது, ஏற ஆள் இல்லை.

எங்கள் கிளையில் ஒரு மலையாளி நண்பர். உப்புத்தரைக்காரர். உப்புத்தரை, அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். தினமும் ஒன்றாக மதியச் சாப்பாடு. அந்த இரண்டு மாதம் நாங்கள் சாப்பாட்டு மேஜையில் பேசிக்கொள்ளவில்லை. அவர் மீன் குழம்பு என் பக்கம் நகர்த்துவதும் நான் எடுத்துக்கொள்வதும் மட்டும் நிற்கவில்லை. ஒரு நாள் நான்தான் ஆரம்பித்தேன். 152 அடி தேக்கின அணை, 1979-ல் குஜராத்தில் மோர்வி அணை உடைந்த பயத்தில் 136-க்குக் குறைத்தார்கள், பலப்படுத்தும் வேலை எல்லாம் செய்தாயிற்று, 2006-ல் சுப்ரீம் கோர்ட்டே 142 தேக்கலாம் என்றது, இன்னும் என்ன என்று. எல்லாம் புள்ளிவிவரம்தான். என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று இன்றும் நினைக்கிறேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "அண்ணாச்சி, நீங்க சொல்ற கணக்கு எல்லாம் சரியா இருக்கட்டும். கர்க்கடக மாசம் ராத்திரி மழை பெய்யும்போது எங்க அம்மச்சி தூங்க மாட்டாங்க. மூணு மணிக்கு எனக்குப் போன் வரும். ஆறு சத்தம் மாறிடுச்சுன்னு சொல்லுவாங்க. அதுக்கு என்ன கணக்கு?"

எங்கள் அய்யாவும் தூங்க மாட்டார். ஜூன் முதல் வாரம் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் ராத்திரி எழுந்து போய் மடையைப் பார்த்துவிட்டு வருவார். அதைச் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அப்புறம்தான் தெரிந்தது, அவரும் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அதே தேக்கடிப் படகில் வந்திருக்கிறார். எங்கள் ஸ்கூல் பஸ் கிழக்கேயிருந்து ஏறும், அவருடையது மேற்கேயிருந்து. "நிங்ஙள் ஆனை பார்த்தோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவரும் பார்க்கவில்லையாம்.

2014 மே 7-ல் சுப்ரீம் கோர்ட் ஐந்து நீதிபதிகள் அமர்வு 142 அடியை உறுதி செய்தது. அந்த நவம்பரில் 142 தொட்டது. எங்கள் ஊரில் பட்டாசு. நண்பர் அன்று லீவு போட்டிருந்தார், நான் காரணம் கேட்கவில்லை. நீர்மட்டம், புது அணை என்று வழக்கு அதற்கப்புறமும் வேறு வேறு ரூபத்தில் தொடர்ந்தது.

வழக்கைவிட எனக்கு வேடிக்கையாகப் படுவது படகு விவகாரம்தான். அணைக்குப் போக நல்ல வழி தேக்கடியிலிருந்து தண்ணீர் வழிதான். தமிழ்நாடு அதிகாரிகள் அணைக்குப் போய் வர ஒரு படகு வைத்திருந்தார்கள். அதன் பெயர் கண்ணகி! (அதே மலையில்தான் மங்கலதேவி கண்ணகி கோயில், சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் திறப்பார்கள், அதற்கும் எல்லைத் தகராறு உண்டு.) கண்ணகி பழசாகிவிட்டது என்று தமிழன்னை என்ற பெயரில் பெரிய படகு வாங்கினார்கள். ஏரியில் ஓட்டக் கேரளா அனுமதி தராமல் அது கரையிலேயே வருஷக்கணக்கில் வெயிலில் காய்ந்தது. தண்ணீர் நம்முடையது, அதன் மேல் மிதக்க அவர்கள் சம்மதிக்க வேண்டும். 1886-ல் பத்திரம் எழுதினவர்கள் படகைப் பற்றி யோசித்திருந்தால் நன்றாயிருக்கும்.

முசந்தம் போய் வந்த அடுத்த ஜூனில், அம்மாவைச் சமாதானப்படுத்தி, மகனைத் தேக்கடி கூட்டிப் போனேன். காலைப் படகு. டிக்கெட்டுக்கு விடியலில் வரிசை. ஏறின உடனே ஜாக்கெட் மாட்டி, எழுந்திருக்கக் கூடாது என்று மூன்று மொழியில் சொல்கிறார்கள். பக்கத்து சீட்டில் உசிலம்பட்டிக் குடும்பம், முன்னால் கோட்டயத்துக்காரர்கள். மழை தூறல். தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்த நேரம், கட்டைகள் நிறைய வெளியே தெரிந்தன.

நான் மகனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். பஞ்சம், பத்திரம், சுண்ணாம்பு, எங்க தாத்தனோட தாத்தா மாடு. உசிலம்பட்டிக்காரர் திரும்பி உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். "எங்கூருக்கு அம்பத்தெட்டாம் கால்வாய் இந்தத் தண்ணிதாங்க" என்றார். முன்னால் இருந்த கோட்டயத்துப் பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. மணக்கவலை தாண்டும்போது படகு ஓட்டுகிறவர் வேகத்தைக் குறைத்தார். வழக்கமாகவே குறைப்பாரா, தெரியாது. நான் அந்த இடத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பெரியவர்தான் பேத்தியின் ஜாக்கெட் கொக்கியை இழுத்து ஒரு தடவை சரி பார்த்தார்.

யானை வரவில்லை. ஒரு மிளாக் கூட்டம், தூரத்தில் காட்டுப் பன்றி, பாம்புத்தாரா மூன்று. படகு திரும்பும் இடம் வந்தது.

"அணை எங்கப்பா?"

"இன்னும் உள்ள போகணும். இந்தப் படகு அங்க போகாது."

"அப்ப யாரு பாக்குறது?"

ஆபீசர்கள் பார்ப்பார்கள் என்றேன். அவன் அதற்குள் கட்டைகளை எண்ணத் தொடங்கியிருந்தான். 112 வரை வந்தான். படகு திரும்பிவிட்டதால் எண்ணினதையே மறுபடி எண்ணுகிறோமோ என்று சந்தேகம் வந்து நிறுத்திவிட்டான்.